தூக்கத்தில் பல் கடிக்கும் குழந்தைகள்: பெற்றோர் கவனிக்க வேண்டியவை

தூங்கும் குழந்தையின் மேல்வரிசைப் பற்களும் கீழ்வரிசைப் பற்களும் உரசி நறநறவென்று சத்தம் எழுவது உலகெங்கும் காணப்படும் ஒன்று. பால் பற்கள் முளைத்த பிறகு எந்த வயதிலும் இது தொடங்கலாம். பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒன்பது, பத்து வயதுக்குள் தானாகவே ஓய்ந்துவிடும். 2013இல் வெளியான ஒரு தொகுப்பாய்வில், குழந்தைகளில் 3.5 சதவீதம் முதல் 40.6 சதவீதம் வரை பல் கடிப்பதாக வெவ்வேறு கணக்குகள் இருந்தன. இவ்வளவு பெரிய வேறுபாட்டுக்கு ஒரு முக்கியக் காரணம், அந்தக் கணக்குகள் பெற்றோர் சொல்வதை நம்பியே எடுக்கப்பட்டதுதான். ஒரே அறையில் பாய் விரித்து எல்லோரும் படுக்கும் வீட்டில் சத்தம் தாயின் காதில் விழும். தனி அறையில் தூங்கும் குழந்தையின் சத்தம் யாருக்கும் கேட்காது.

கர்நாடகத்தின் சாமராஜநகர், கொள்ளேகால், ஹனூர் பகுதிகளில் தமிழ் பேசும் வீடுகளிலும் கன்னடம் பேசும் வீடுகளிலும் பெரியவர்கள் இதற்குச் சொல்லும் விளக்கம் ஒன்றுதான்: வயிற்றில் பூச்சி. அதனால் முதலில் பூச்சி மாத்திரை கொடுக்கிறார்கள். சத்தம் நிற்காவிட்டால் கவலை கூடுகிறது. மருத்துவர்களும் அனுபவமுள்ள பெற்றோரும் பார்க்கும் முறை வேறு. சத்தத்தை நிறுத்துவதில் அவர்கள் குறியாக இருப்பதில்லை. அதனுடன் சேர்ந்து வேறு என்ன வருகிறது என்பதையே கவனிக்கிறார்கள்.

எப்படி நிகழ்கிறது

இது பெரும்பாலும் ஆழ்ந்த உறக்கத்தில் வருவதில்லை. இலேசான உறக்கத்தின்போது மூளை சில விநாடிகள் விழிப்பை நெருங்கி மீண்டும் உறக்கத்துக்குள் போகும். அந்தக் கணத்தில் முதலில் இதயத் துடிப்பு கூடுகிறது. அடுத்துத் தாடைத் தசைகள் ஏறத்தாழ விநாடிக்கு ஒரு முறை என்ற கதியில் இறுகித் தளர்கின்றன. காதுக்கு முன்னால் கன்னத்தில் விரலை வைத்துப் பல்லைக் கடித்துப் பார்த்தால் புடைத்து எழும் தசைதான் இரவில் வேலை செய்வது. அம்மியில் குழவி உரசுவதுபோன்ற சத்தம் வந்தாலும் குழந்தைக்கு அது தெரியாது, காலையில் நினைவும் இருக்காது. ஆகவே கண்டிப்பதாலும் மிரட்டுவதாலும் பயனில்லை.

பூச்சியும் பல்லும்

குடற்புழு பல் கடிப்பை உண்டாக்குகிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை. ஆனால் நூல்புழு இருந்தால் இரவில் ஆசனவாயில் அரிப்பு ஏற்பட்டுத் தூக்கம் கலையும். அந்த அறிகுறி இருந்தால் மருத்துவரைக் கேட்டு, வீட்டில் எல்லோரும் மருந்து எடுத்து, இரண்டு வாரம் கழித்து மறு தவணையும் எடுக்க வேண்டும். 2015 முதல் நடந்துவரும் தேசியக் குடற்புழு நீக்க நாள் திட்டத்தில், பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 தேதிகளையொட்டி அங்கன்வாடிகளிலும் பள்ளிகளிலும் அல்பெண்டசோல் மாத்திரை இலவசமாகத் தரப்படுகிறது. ஒன்று முதல் இரண்டு வயது வரை அரை மாத்திரை, அதற்கு மேல் 400 மில்லிகிராம் முழு மாத்திரை. இரத்தசோகையைத் தடுக்க அது தேவை. பல் சத்தத்துக்காக அடிக்கடி கொடுப்பது தேவையற்றது.

மூச்சுதான் முதல் கேள்வி

பல் கடிக்கும் குழந்தையிடம் முதலில் பார்க்க வேண்டியது மூச்சு. மூக்கின் பின்புறம் உள்ள அடினாய்டு சதையோ தொண்டையிலுள்ள டான்சிலோ வீங்கியிருந்தால் காற்று போகும் வழி குறுகும். ஒவ்வாமையால் மூக்கு அடைத்தாலும் அப்படியே. மூச்சு தடைப்படும்போதெல்லாம் மூளை விழிப்பை நெருங்கும், தாடையும் அசையும். டான்சில், அடினாய்டு அறுவை சிகிச்சை செய்துகொண்ட பல குழந்தைகளுக்குப் பல் கடிப்பும் குறைந்ததாக ஆய்வுகள் காட்டுகின்றன.

வாரத்தில் மூன்று இரவுகளுக்கு மேல் குறட்டை, வாயைத் திறந்தபடி தூங்குவது, தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டு மூச்சு வாங்குவது, சில நொடி மூச்சு நின்று பிறகு திணறி இழுப்பது, உறக்கத்தில் மிகுதியாக வியர்ப்பது, பகலில் சிடுசிடுப்பும் கவனக்குறைவும். இவற்றில் ஏதேனும் பல் சத்தத்துடன் சேர்ந்து வந்தால் தள்ளிப்போடாமல் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

பிற காரணங்கள்

மனச் சுமையும் தூக்கத்தைக் கலைக்கும். வீட்டில் தமிழ் மட்டுமே பேசிப் பழகிய குழந்தை முதன்முதலாகக் கன்னடப் பள்ளிக்குப் போவது, தம்பி தங்கை பிறப்பது, வேலைக்காகத் தந்தை வெளியூர் போவது ஆகியவை சிறு மனத்துக்குப் பெரிய மாற்றங்கள். வீட்டுக்குள் பீடி, சிகரெட் புகைப்பதற்கும் பல் கடிப்புக்கும் தொடர்பு காணப்பட்டுள்ளது. மாலையில் குடிக்கும் காபி, டீ, படுக்கும் வரை கைபேசி பார்ப்பது, கவனக்குறைவுக்கும் மனச்சோர்வுக்கும் தரப்படும் சில மருந்துகள் ஆகியவையும் காரணமாகலாம். தாய் தந்தைக்குச் சிறு வயதில் இது இருந்திருந்தால் குழந்தைக்கும் வர வாய்ப்பு அதிகம். மூளை முடக்குவாதம், டவுன் சிண்ட்ரோம், ஆட்டிசம் உள்ள குழந்தைகளிடம் இது கூடுதலாகவும் நீண்ட காலமும் காணப்படும்.

பல்லில் தெரியும் அடையாளம்

பால் பல்லின் எனாமல் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான். நிலைத்த பல்லில் இருப்பதில் பாதி. பல் கடிக்கும் குழந்தையின் கோரைப்பல் நுனி கூர்மை இழந்து தட்டையாக இருக்கும். தேய்மானம் மேலும் போனால் வெள்ளை வளையத்துக்கு நடுவே எனாமலுக்கு அடியிலுள்ள மஞ்சள் நிற டென்டின் தெரியும். பால் பல் ஓரளவு தேய்வது இயல்பு. விழப்போகிற பல் என்பதால் பெரும்பாலும் சிகிச்சை தேவைப்படாது. குளிர்ந்த நீர் பட்டால் கூசுவது, மெல்ல மறுப்பது, காலையில் தாடைவலி அல்லது தலைவலி, பல் உடைவது ஆகியவை இருந்தால் பல் மருத்துவரிடம் போக வேண்டும்.

வீட்டில் செய்ய வேண்டியவை

இரண்டு வாரம் ஒரு நோட்டில் குறித்து வைப்பது மிகவும் உதவும்: படுத்த நேரம், சத்தம் கேட்ட நேரம், குறட்டை உண்டா, காலையில் வலி சொன்னதா, அன்று பள்ளியில் என்ன நடந்தது. மருத்துவர் முன்னால் குழந்தை பல் கடிக்கப் போவதில்லை. எனவே இரவில் முகமும் மார்பும் தெரியும்படி கைபேசியில் ஒரு நிமிடம் வீடியோ எடுத்து வைக்கலாம்; அதில் மூச்சும் சத்தமும் சேர்ந்து பதிவாகும். அது நீண்ட விளக்கத்தைவிடப் பயன்படும்.

3 முதல் 5 வயதுக் குழந்தைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரமும், 6 முதல் 12 வயதுக்கு 9 முதல் 12 மணி நேரமும் உறக்கம் வேண்டும். தினமும் ஒரே நேரத்தில் படுக்கவைத்து, ஒரு மணி நேரத்துக்கு முன்பே டிவியையும் கைபேசியையும் நிறுத்தி, கதை சொல்லித் தூங்கவைப்பது நல்ல தொடக்கம். அன்றைய நாளைப் பற்றிக் குழந்தையைப் பேசவிட்டால் மனத்தில் இருப்பது வெளியே வரும்.

செய்யக்கூடாதவையும் உண்டு. சத்தம் கேட்டதும் தட்டி எழுப்பினால் தூக்கம் மேலும் கலையும். பல் தேயாமலிருக்கப் பெரியவர்களுக்குத் தரும் நைட் கார்டு உறையைத் தாமாக வாங்கி மாட்டக்கூடாது. வளரும் தாடையிலும் முளைக்கும் பற்களிலும் அது பொருந்தாமல் போகும். மிகவும் தேய்ந்த கடைவாய்ப் பால் பல்லுக்கு எஃகு உறை போடுவதைப் பல் மருத்துவர் முடிவு செய்வார்.

யாரிடம் போவது

2013இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய கார்யக்ரம் திட்டத்தில் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் வருகின்றன. பல் நோயும் அவர்களின் பரிசோதனைப் பட்டியலில் உள்ளதால் அங்கேயே சொல்லலாம். அடுத்த படி சாமராஜநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. சுமார் 60 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மைசூரில் ஜே.எஸ்.எஸ். பல் மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் குழந்தைகள் பல் மருத்துவப் பிரிவு உண்டு. மலையோர ஊர்களிலிருந்து போய்வர ஒரு நாள் கூலி போகும். நோட்டும் வீடியோவும் கையில் இருந்தால் முதல் நாளிலேயே மருத்துவரால் வழி சொல்ல முடியும்.

தொந்தரவு எதுவும் இல்லாத குழந்தைக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை பல் பரிசோதனை போதும். ஆறு வயதையொட்டி முளைக்கும் முதல் நிலைத்த கடைவாய்ப் பல் வாழ்நாள் முழுவதும் இருக்க வேண்டியது. அது முளைத்த பிறகும் பல் கடிப்பு பலமாகத் தொடர்ந்தால், தேய்மானம் கூடுகிறதா என்று ஒவ்வொரு முறையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்ல வேண்டும். பால் பற்கள் எல்லாம் விழுந்து முடியும் பன்னிரண்டு வயதுக்குப் பிறகும் தொடர்ந்தால், தானாக நிற்கும் என்று காத்திருக்காமல் காரணத்தைத் தேடி மருத்துவம் பார்க்க வேண்டும்.