கோலம் கற்பிக்கும் ஓவியப் பாடம்

"ஓவியம் என்பது திறமை படைத்த சிலருக்கே உரியது; எனக்கு வரைய வராது" என்று நம்மில் பலர் ஓவிய வகுப்பில் ஒதுங்கி விடுகிறோம். ஆனால் கனகசெட்டிக்குளத்தில் விடியற்காலையில் வாசல் தெளித்துக் கோலமிடும் நம் அன்னையர் எந்த ஓவியப் பள்ளியில் பயின்றார்கள்? வடிவமைப்பின் அடிப்படை விதிகள் அவர்கள் விரல் நுனியில் இருக்கின்றன. அவற்றுள் ஐந்தைக் காண்போம்.

முதலாவது, சமநிலை. ஏழு புள்ளி நேர்ப்புள்ளிக் கோலத்தில் நடு வரிசையில் 7 புள்ளிகள். அதற்கு மேலும் கீழும் 5, 3, 1 என்று குறைந்து மொத்தம் 25 ஆகும். நடுவே கோடு கிழித்தால் இரு பக்கமும் கண்ணாடியில் பார்ப்பதுபோல் ஒத்திருக்கும். புதுவை திரு இருதய ஆலயத்தின் (1907) முகப்பிலுள்ள இரட்டைக் கோபுரங்களும் இவ்வாறே அமைந்தவை. இரு பக்கமும் ஒன்றாக இல்லாமலும் சமநிலை பெறலாம். கடற்கரைப் படத்தில் நடுவை ஒட்டிப் பெரிய படகும், எதிர்ப்பக்க ஓரத்தில் சிறிய சூரியனும் இருந்தால் போதும். ஏற்றப் பலகையில் பெரியவள் நடுவுக்கு அருகிலும் சிறியவள் நுனியிலும் அமர்வதில்லையா?

இரண்டாவது, லயம். ஒரே வளைவு புள்ளிதோறும் திரும்ப வருவது, பாட்டில் தாளம் வருவது போன்றது.

மூன்றாவது, வேறுபாடு. சாணம் தெளித்த கருந்தரையில்தான் வெண்மாவு எடுப்பாகத் தெரிகிறது. ஆலயத்தின் வண்ணக் கண்ணாடிகளும் உள்ளே ஒளி குறைந்திருப்பதால்தான் சுடர்விடுகின்றன.

நான்காவது, முதன்மை. நடுவில் ஒரு தாமரை. மற்றவை அதற்குத் துணை.

ஐந்தாவது, ஒருமை. சில சிக்குக் கோலங்களில் ஒரே இழை எல்லாப் புள்ளிகளையும் சுற்றித் தொடங்கிய இடத்திலேயே வந்து சேரும். இத்தகைய கோலங்களின் ஒழுங்கைக் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிரிதிவாசன் ஆகியோர் கணினியியல் நோக்கில் ஆராய்ந்து 1974 இல் கட்டுரை வெளியிட்டனர்.

இவ்விதிகளை நாங்கள் கற்றது ஒரு தோல்வியால்தான். பொங்கல் கோலப் போட்டியில், கையிலிருந்த வண்ணப் பொடிகள் அனைத்தையும் கொட்டித் தரையே தெரியாமல் நிரப்பினோம். பார்க்க வந்த ஒரு பாட்டி, "இது மயிலா, பூந்தொட்டியா, கண்ணு?" என்று கேட்டார். எங்களுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. பின்பு அவரே, "கொஞ்சம் தரையை விட்டு வையுங்கள், கண்ணுக்கு இளைப்பாற இடம் வேண்டாமா?" என்றார். அடுத்த முறை மூன்றே வண்ணங்கள் எடுத்தோம். மயில் மயிலாகவே வந்தது.

எதைச் சேர்ப்பது என்பதைவிட எதை விடுவது என்று அறிவதே அரிய பாடம். தோழியரே, இன்று மாலை ஒரு தாளில் 25 புள்ளிகள் இட்டுத் தொடங்குவோம். "எனக்கு வராது" என்னும் சொல்லை முதலில் அழிப்போம்!