நல்ல வண்டி எது? பரமத்தி வேலூர் வாசகருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. இத்தனை காலம் அடுத்தவர் லாரியில் ஓட்டுநராக இருந்துவிட்டு, இப்போது பைனான்ஸ் போட்டுச் சொந்த வண்டி எடுக்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். படித்ததும் மனது நிறைந்தது. “நம்ம பக்கத்து ஜனங்க இத்தனை வருசமா வாங்குனதுல நல்ல வண்டி எது, படு மோசமான வண்டி எதுன்னு சொல்லுங்க” என்று கேட்டிருக்கிறீர்கள். சங்ககிரி, ராசிபுரம், திருச்செங்கோடு பக்கமெல்லாம் இதே கேள்வியோடு இன்னும் பல பேர் இருப்பார்கள். அதனால் பதிலை எல்லோரும் படிக்கும்படி இங்கேயே எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்தில் நல்ல பேர் வாங்கிய வண்டிகள் எல்லாமே, நடுவழியில் நின்றாலும் அங்கேயே பிரித்து மாட்ட ஆள் கிடைத்த வண்டிகள். கெட்ட பேர் வாங்கியவற்றில் பல, பிறக்கும்போது நல்ல வண்டிகளாகத்தான் பிறந்தன. சாமான் கிடைக்காமல் கெட்டுப்போயின.

சின்ன வண்டியிலிருந்து தொடங்குகிறேன். 1980-ல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 வெளிவந்தது. இரண்டு பேர் உட்காரக்கூடிய மொபெட் இந்தியாவில் அதுதான் முதல். அதற்குப் பின்னால் வந்த எக்ஸ்எல்லையும் சேர்த்துச் சொன்னால், சேலம் நாமக்கல் வட்டாரத்தில் இதற்கு நிகராக உழைத்த வண்டி வேறு கிடையாது. குமாரபாளையம், பள்ளிபாளையம் தறிக்காரர் நூல் மூட்டையை ஏற்றினார். பால்காரர் இரண்டு பக்கமும் கேனைத் தொங்கவிட்டார். முட்டை வியாபாரி முப்பது முப்பதாக அடுக்கிய அட்டைகளைத் தலைக்கு மேல் உயர்த்திக் கட்டிக்கொண்டு, சின்னக் குழிக்குக்கூட வேகத்தைக் குறைத்துக் கடைவீதி போய்ச் சேர்ந்தார். தோட்டத்துக்காரர் முன்னால் இருக்கும் காலி இடத்தில் தீவன மூட்டையை நிறுத்தி, காலை அகட்டி வைத்து ஓட்டினார். இவ்வளவு பாரத்துக்கும் டிவிஎஸ் 50-ன் எஞ்சின் வெறும் 50 சிசி.

எங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தது. மேடு ஏறும்போது திணறினால் அப்பா பதற மாட்டார். நிழலில் நிறுத்தி, பிளக் ஸ்பேனரால் பிளக்கைக் கழற்றுவார். முனையில் கரி ஈரமாக ஒட்டியிருக்கும். உப்புத்தாளில் நாலு தேய் தேய்த்து, ஊதிவிட்டு மாட்டுவார். அப்போதும் இழுக்கவில்லை என்றால் குறை சைலன்ஸரில் என்று அர்த்தம். பெட்ரோலோடு ஆயில் கலந்து ஓடிய டூ ஸ்ட்ரோக் எஞ்சின் அது. எரியாத ஆயில் சைலன்ஸருக்குள் கரியாகப் படிந்து புகையின் வழியை அடைத்துவிடும். உள்குழாயை உருவி நெருப்பில் போட்டுச் சுட்டுத் தட்டினால் கரி பொரிந்து உதிரும். மாட்டி மிதித்தால் வண்டி புதுசு போல ஓடும். இதற்கு மெக்கானிக் கூடத் தேவைப்படவில்லை. 2015-ல் வந்த எக்ஸ்எல் 100 நாலு ஸ்ட்ரோக் வண்டி. ஆயில் கலக்கும் வேலையும் கரி சுடும் வேலையும் போய்விட்டன, புகையும் குறைந்தது. பாரம் சுமக்கும் குணம் மட்டும் மாறவில்லை.

இனி லாரிக்கு வருகிறேன். மழையை நம்பிய மானாவாரிக் காட்டை வைத்துப் பிழைக்க முடியாத குடும்பங்கள்தான் நம் பக்கத்தில் ஸ்டீயரிங்கைப் பிடித்தன. கிளீனராகப் போய், ஓட்டுநராகி, சொந்தக்காரர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் கொடுத்த பணத்தில் பழைய வண்டி ஒன்றை வாங்கி முதலாளியானவர்கள் எத்தனையோ பேர். 1963-ல் சங்ககிரியில் சிமெண்டு ஆலை வந்ததும் லோடுக்கு அலைய வேண்டியிருக்கவில்லை. பிறகு திருச்செங்கோடு போர்வெல் ரிக் வண்டிக்குப் பேர் போனது, நாமக்கல் கேஸ் டேங்கருக்கும் டிரெய்லருக்கும் பேர் போனது.

அந்தக் காலத்தில் இரண்டே கட்சிதான். 1948-ல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கி, எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டி, 1955-ல் பேர் மாறிய அசோக் லேலண்ட் ஒரு பக்கம். 1954-ல் ஜெர்மனியின் டைம்லர் பென்ஸோடு கைகோத்து ஜாம்ஷெட்பூரில் லாரி செய்த டாடா இன்னொரு பக்கம். 1969-ல் அந்த ஒப்பந்தம் முடிந்து நட்சத்திரச் சின்னம் போன பிறகும், பழைய ஆட்கள் வெகுநாள் ‘டாடா பென்ஸ்’ என்றே சொன்னார்கள். இரண்டில் எது மேல் என்று டீக்கடையில் விடிய விடியப் பேசுவார்கள். என்னைக் கேட்டால் இரண்டும் ஜெயித்ததற்குக் காரணம் ஒன்றுதான். பம்ப், நாசில், பிஸ்டன், கிளட்ச் எல்லாமே கண்ணால் பார்த்து, கையால் தடவி, குறை கண்டுபிடிக்கக்கூடிய சாமான்கள். சேலத்தில் கிடைக்காத உதிரி நாமக்கல்லில் கிடைத்தது. அங்கேயும் இல்லாவிட்டால் ஒரு லேத்துக்காரர் கடைந்து கொடுத்தார்.

1980-ல் லேலண்டுக்கு ஓசூரில் ஆலை வந்தது நமக்கு இன்னும் தோதாகிவிட்டது. நீங்கள் நெடுஞ்சாலையில் பார்த்திருப்பீர்கள், வெறும் சேஸை ஓட்டிக்கொண்டு வருவார்கள். கதவு இல்லை, கூரை இல்லை, முன் கண்ணாடி இல்லை. ஒரு பலகையில் உட்கார்ந்து, தலையில் ஹெல்மெட் மாட்டி, முகத்தைத் துண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, கிருஷ்ணகிரி, தருமபுரி, தொப்பூர் கணவாய் தாண்டி நாமக்கல் வருவார்கள். பட்டறைக்குள் நுழையும் அந்த எலும்புக்கூடு, தச்சர், வெல்டர், எலெக்ட்ரீசியன், குஷன் தைப்பவர், பெயிண்டர் என்று ஒவ்வொரு கையாகப் பட்டு லாரியாக வெளியே வரும். எந்தச் சேஸ் எங்கே விரிசல் விடும், எந்த ஸ்பிரிங் பட்டை முதலில் முறியும், எந்த லோடுக்கு எந்த இடத்தில் கூடுதலாக இரும்பு வைக்க வேண்டும் என்பதெல்லாம் கம்பெனி கொடுக்கும் புத்தகத்தில் இருப்பதைவிட இந்தப் பட்டறைகளில்தான் அதிகம் இருக்கிறது. வண்டி நல்ல வண்டியா என்ற தீர்ப்பை எழுதியவர்கள் இவர்கள்.

இப்போது மோசமான வண்டிக் கதை. 1980-களின் நடுவில் ஜப்பான் கம்பெனிகளோடு கூட்டுச் சேர்ந்து நாலு சின்ன லாரிகள் வந்தன. டிசிஎம் டொயோட்டா, ஆல்வின் நிசான், ஐச்சர் மிட்சுபிஷி, ஸ்வராஜ் மஸ்தா. ஓட்ட இலகு, சத்தம் குறைவு, டீசல் மிச்சம். பார்த்தவர்கள் எல்லாம் ஆசைப்பட்டார்கள். ஆனால் 1985-க்குப் பிறகு யென் விலை மளமளவென்று ஏறியது. ஜப்பானிலிருந்து வர வேண்டிய சாமான்களின் விலையும் கூடவே ஏறியது. அதே நேரத்தில், 1986-ல் டாடா 407 வந்தது. முரட்டு வண்டி, எவ்வளவு ஏற்றினாலும் தாங்கும், உதிரி மூலைக்கு மூலை கிடைக்கும். கொஞ்ச வருடத்தில் ஆல்வின் நிசான் மகிந்திராவுக்குக் கைமாறியது. டிசிஎம் கூட்டிலிருந்து டொயோட்டா விலகி, கொரியாவின் டேவூ வந்தது, பிறகு அந்த டேவூவும் திவாலானது. ஒரு வண்டிக்கு இரண்டு முறை பெற்றவர்கள் செத்துப்போனால் அதை வாங்கியவன் கதி என்ன? கியர்பாக்ஸில் ஒரு பல் போனால் பழைய இரும்புக் கடைகளில் அதே வண்டியின் பிணத்தைத் தேடி அலைய வேண்டும். ஐச்சரும் ஸ்வராஜ் மஸ்தாவும் சாமான்களை இங்கேயே செய்யப் பழகித் தப்பித்தன. ஐச்சர் இன்று நம் சாலைகளில் சர்வ சாதாரணம். நாலும் ஒரே காலத்தில், ஒரே மாதிரித் தொழில்நுட்பத்தோடு வந்தவைதான் என்பதை நினைத்துப் பாருங்கள்.

407-ஐ இவ்வளவு புகழ்ந்ததற்கு ஒரு திருத்தமும் சொல்ல வேண்டும். சிமெண்டுக்கும் செங்கல்லுக்கும் நல்லதான முரட்டுப் பட்டை முட்டைக்கு ஆகாது. பாதி லோடில் போகும்போது வண்டி தூக்கிப் போடும், அடி அட்டையில் விரிசல் விழும். ரிக் வண்டியின் கணக்கு வேறு. அது ஓடிய கிலோமீட்டரைப் பார்த்து விலை பேசினால் ஏமாந்துபோவீர்கள், ஏனென்றால் நின்ற இடத்திலேயே மணிக்கணக்கில் கம்ப்ரசர் ஓடியிருக்கும். லோடு என்ன என்று தெரியாமல் வண்டியைப் புகழவும் கூடாது, திட்டவும் கூடாது.

கார், பைக் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1985-ல் சென்னையிலிருந்து வந்த ஸ்டாண்டர்டு 2000 தான் நம் மாநிலம் கண்ட பெரிய ஏமாற்றம். பார்க்க ரோவர் கார், உள்ளே இருந்ததோ பழைய வேன்கார்டு காரின் எஞ்சின். பெட்ரோலைக் குடித்தே உரிமையாளரைக் களைக்க வைத்தது. சில வருடத்தில் ஆலையும் மூடிக்கொண்டது. என்ஃபீல்டு கொண்டுவந்த ஃபியூரி 175, முன் சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக்கோடு வந்த அழகான பைக். அதைப் பெற்றெடுத்த ஜெர்மனியின் சுண்டாப் கம்பெனி 1984-ல் திவாலாகிவிட்டது, இங்கும் அது அநாதையானது. அம்பாசிடரையும் புல்லட்டையும் குறை சொல்ல ஆயிரம் உண்டு. ஆனால் எந்தக் கிராமத்து மெக்கானிக்கும் அவற்றைத் திறக்கப் பயந்ததில்லை. அம்பாசிடர் 2014 வரை தயாரானதற்கு அந்தத் தைரியமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

தம்பி, இதுவரை சொன்னதெல்லாம் முதலாளி கணக்கு. நீங்கள் ஓட்டுநர். உங்களுக்கு வேறு ஒரு கணக்கும் தெரியும். முதலாளிகள் தங்கம் என்று கொண்டாடிய பழைய லாரிகளில் எஞ்சின் கேபினுக்குள்ளேயே இருந்தது. சித்திரை வெயிலில் நாக்பூர் தாண்டும்போது இடது காலுக்குப் பக்கத்தில் அடுப்பு எரிகிற மாதிரிச் சூடு. பவர் ஸ்டீயரிங் இல்லாமல் ஒடித்து ஒடித்துத் தோள்பட்டை தேய்ந்தவர்கள், நாற்பது வயதுக்குள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தவர்கள் நம் ஊர்த் தெருக்களில் இருக்கிறார்கள். ஒரு வண்டி முப்பது வருடம் உழைத்தது என்று பெருமைப்படும்போது, அதை ஓட்டிய உடம்பு எத்தனை வருடம் உழைத்தது என்று யாரும் கேட்டதில்லை. இந்த வகையில் பழைய நல்ல வண்டிகள் நல்ல வண்டிகளே கிடையாது. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் ஏசி கட்டாயம் என்று சட்டம் வந்திருக்கிறது. செலவு கூடுகிறது என்ற முணுமுணுப்பு என் காதிலும் விழுகிறது. எனக்கு அது எப்போதோ வந்திருக்க வேண்டிய சட்டம்.

நீங்கள் பயப்படுவது புது வண்டிகளைப் பற்றி. அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. 2017-ல் நாடு முழுக்க பிஎஸ்-4 புகைக் கட்டுப்பாடு வந்தபோது யூரியா ஊற்ற வேண்டிய முறை டாடாவில் வந்தது. லேலண்டோ, புகையில் ஒரு பங்கை மறுபடி எஞ்சினுக்கே திருப்பிவிடும் ஏற்பாட்டைக் கொடுத்தது. யூரியா தேவையில்லை, பழைய மாதிரிப் பம்பும் தொடர்ந்தது. பட்டறைக்காரர்களுக்குப் பழகிய வேலை என்பதால் நம்மவர்களுக்கு அது பிடித்துப்போனது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்ததும் அந்தச் சலுகைக் காலம் முடிந்துவிட்டது. இப்போது ஒரு சென்சார் கெட்டால் எஞ்சின் தானே இழுவையைக் குறைத்துக்கொள்கிறது. லேப்டாப் வைத்துப் பார்த்தால்தான் எது குறை என்றே தெரியும். புகை குறைய வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. சாலையோரம் குடியிருக்கும் பிள்ளைகளின் நெஞ்சுக்கு அது நல்லது. என் வருத்தமெல்லாம், மூன்று தலைமுறையாக எஞ்சினின் சத்தத்தைக் கேட்டே குறை சொன்ன நம் பட்டறைக்காரர்களின் கையில் அந்த ஸ்கேனரும் அதற்கான பயிற்சியும் போய்ச் சேரவில்லையே என்பதுதான். கம்பெனிகள் அதைப் பூட்டி வைக்கக் கூடாது. லாரி உரிமையாளர் சங்கங்கள் டீசல் விலைக்குப் போராடுகிற அதே வேகத்தோடு இதையும் கேட்க வேண்டும்.

ஆகவே ஷோரூமுக்குப் போகும் முன்னால் நாமக்கல், சங்ககிரிப் பட்டறைகளில் ஒரு முழு நாள் செலவழியுங்கள். நீங்கள் நினைக்கும் அதே மாடலை எத்தனை பேர் வேலைக்கு விட்டிருக்கிறார்கள், எதற்காக விட்டிருக்கிறார்கள், உதிரிக்கு எத்தனை நாள் காத்திருந்தார்கள் என்று கேளுங்கள். உங்களுக்குக் கிடைக்கப்போகும் லைன் வடக்கே என்றால், அந்த வழியில் கம்பெனி சர்வீஸ் எந்தெந்த ஊரில் இருக்கிறது என்று எழுதி வாங்குங்கள். வண்டி நின்றாலும் டியூ நிற்காது. இரண்டு வாரம் சாமானுக்காகக் கிடந்தால் அந்த மாத டியூ கைக்காசு. பழைய வண்டி எடுக்க நேர்ந்தால், விலை குறைகிறதே என்று கம்பெனியே மூடிப்போன மாடல் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காதீர்கள்.

கேபினை நாமக்கல்லில் கட்டுவதாக இருந்தால் ஒன்றில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம். சீட்டுக்குப் பின்னால் இருக்கும் படுக்கைப் பலகையைப் பழைய அளவிலேயே போடாமல், நீங்கள் படுத்துக் காட்டி உங்கள் உயரத்துக்கு அளந்து போடச் சொல்லுங்கள். கூட வரும் கிளீனர் பையனுக்கும் கால் நீட்ட இடம் விடச் சொல்லுங்கள். வண்டி எடுத்ததும் எந்த மாடல், எந்த லைன் என்று எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்