ரவைக்கூட்டு நூல் எழுதும் தம்பிக்கு



நீ கொடுத்துவிட்டுப் போன பிரதியை இரண்டு முறை படித்துவிட்டேன். முதல் தடவை ஆசைக்கு, இரண்டாம் தடவை சிவப்புப் பேனாவோடு. 1911 மாடல் பிஸ்டலை விட்டுவிட்டு, அதற்குள் சொருகுகிற ரவைக்கூட்டைப் பற்றி மட்டுமே இருநூறு பக்கம் எழுதியிருக்கிறாய். பதிப்பாளர் யாரும் சீந்தவில்லை, சொந்தமாகப் போடட்டுமா மாமா என்று கேட்டாய். போடு. இதை வாங்கக்கூடியவர்கள் சில நூறு பேர்தான். ஆனால் அந்தச் சில நூறு பேரும் வருஷக்கணக்காக இதைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துப் புரட்டுவார்கள். அப்படிப்பட்ட புத்தகத்தை எழுதியவனே அச்சிடுவதுதான் நல்லது. திருத்தம் வந்தால் யாரிடமும் கெஞ்ச வேண்டாம்.

இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்கும் அனுப்புகிறேன். நாணயமோ தீப்பெட்டி லேபிளோ பழைய பேனாவோ சேர்த்து வைத்துக்கொண்டு, நூலாக்கத் தயங்கும் பிள்ளைகள் நம்மவர்களில் நிறையப் பேர். அவர்களும் படிக்கட்டும்.

முதலில் தலைப்பு. வெறுமனே ‘பழைய மேகசின்கள்’ என்று போட்டால் நூலகத்தில் பத்திரிகைகளோடு அடுக்கிவிடுவார்கள். மேகசின் என்ற சொல்லுக்கு மூலம் மக்ஸன், அரபியில் பண்டகசாலை. வெடிமருந்துக் கிடங்குக்கு அந்தச் சொல்தான் வந்து சேர்ந்தது. 1731இல் லண்டனில் எட்வர்ட் கேவ் தன் இதழுக்கு ‘ஜென்டில்மேன்ஸ் மேகசின்’ என்று பெயர் வைத்தபிறகுதான் அது பத்திரிகையையும் குறிக்க ஆரம்பித்தது. நம்மூர்ச் செய்தித்தாள்கள் துப்பாக்கியில் இருப்பதையும் மேகசின் என்றே எழுதுகின்றன. ஈழத்தவர்கள் ரவைக்கூடு என்பார்கள். பார்த்த மாத்திரத்தில் பொருள் விளங்குகிற சொல் அது. உன் ஆங்கிலத் தலைப்பிலும் பிஸ்டல் என்ற சொல்லும் மாடல் எண்ணும் கட்டாயம் இருக்கட்டும்.

இனி, நான் உட்கார்ந்து எழுத வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன்.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்துக்கு இந்தப் பிஸ்டலைச் செய்தவர்களில் கோல்ட்டையும் இத்தாகாவையும் தவிர மற்றவர்களுக்குத் துப்பாக்கி பரம்பரைத் தொழில் அல்ல. ரெமிங்டன் ராண்ட் தட்டச்சு இயந்திரக் கம்பெனி. யூனியன் ஸ்விட்ச் அண்ட் சிக்னல் ரயில்வே சிக்னல் செய்தது. சிங்கர், நம் அம்மாக்கள் மிதித்த அதே தையல் மெஷின் சிங்கர். அவர்கள் செய்துகொடுத்தது 500 பிஸ்டல்தான். அதனாலேயே சிங்கர் என்ற பெயர் ஒட்டிய எதற்கும் இன்று சேகரிப்பாளர்கள் பணத்தைக் கொட்டுகிறார்கள். ரவைக்கூடுகளைச் செய்து கொடுத்ததோ, தகட்டைப் பிரஸ்ஸில் அடித்துப் பழகிய கனெக்டிகட் கம்பெனிகள். பித்தளைப் பொத்தானுக்குப் பேர்போன ஸ்கோவில் வாட்டர்பரியில், ரிஸ்டன் பக்கத்து நாகடக்கில், மின்சாரச் சவரக் கருவி செய்த ஜெனரல் ஷேவர் பிரிட்ஜ்போர்ட்டில், எம்.எஸ்.லிட்டில் ஹார்ட்ஃபோர்டில். அடித்தகட்டின் முன்முனையில் ஒவ்வொருவரும் ஓர் எழுத்தைப் பதித்தார்கள்: எஸ், ஆர், ஜி, எல். கோல்ட் ஒப்பந்தத்துக்குப் போனவற்றில் சி-எஸ், சி-ஆர், சி-எல்.

இதில் ஒரு பள்ளம் இருக்கிறது. ஆர் என்றால் ரெமிங்டன் என்று புதியவன் நினைப்பான். அது ரிஸ்டன். எஸ் என்றால் சிங்கர் என்று நினைப்பான். அது ஸ்கோவில்.

அந்தப் பள்ளத்தில் ஒருவரைத் தள்ளியவன் நான். முன்னே நான் போட்ட சின்னப் புத்தகத்தில் எஸ் எழுத்துக்கு நேராக ஸ்கோவில் என்று சரியாகத்தான் எழுதினேன். அதோடு நின்றிருக்கலாம். கண்காட்சியில் யாரோ சொன்னதை நம்பி, ‘சிங்கர் பிஸ்டல்களோடும் இது வந்ததாகச் சொல்லப்படுகிறது’ என்று ஒரு வரியைச் சேர்த்தேன். ஆதாரமாக ஒரு துண்டுக் காகிதம்கூட என்னிடம் இல்லை. இரண்டு வருஷம் கழித்து, ஒரு கண்காட்சியில், ஒரு வியாபாரியின் மேஜையில் என் புத்தகத்தின் அந்தப் பக்கம் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்தது. அந்த வரியின்மேல் மஞ்சள் மை. அடியில் மூன்று எஸ் ரவைக்கூடுகள், சிங்கர் விலையில். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பெரியவர் சட்டைப் பையிலிருந்து பணத்தை எடுத்து எண்ணினார். ஓடிப்போய் நிறுத்தினேன். ஏற்கெனவே வாங்கிப் போனவர்களை நான் எங்கே போய்த் தேடுவேன்?

உன் பிரதியில் ‘சொல்லப்படுகிறது’, ‘கருதப்படுகிறது’, ‘பொதுவாக’ என்று வரும் இடங்களைச் சுழித்திருக்கிறேன். நாற்பத்தொன்று. கட்டுரையில் அந்தச் சொற்கள் அடக்கமாகத் தோன்றும். சேகரிப்பாளர் நூலில் அவையெல்லாம் விலைச்சீட்டு ஆகிவிடும். ஒவ்வொன்றையும் பிரித்துப் பார். நீயே கையில் எடுத்து அளந்ததா? படத்தில் மட்டும் பார்த்ததா? ஆவணத்தில் படித்ததா? காதில் விழுந்ததா? நான்குக்கும் நான்கு குறி வைத்து, ஒவ்வொரு பதிவின் ஓரத்திலும் அச்சிடு. காதில் விழுந்ததை எடுத்துவிட மனம் வராவிட்டால், பின்னால் தனி அத்தியாயமாக வை. பொருளின் படத்துக்குப் பக்கத்தில் மட்டும் வைக்காதே.

ஆவணம் என்றால் அலைய வேண்டும். கோல்ட் கம்பெனியின் பழைய பதிவுகள் ஹார்ட்ஃபோர்டில் கனெக்டிகட் மாநில நூலகத்தில் இருக்கின்றன. ஸ்கோவில் கணக்கு வழக்குகள் ஹார்வர்டின் பேக்கர் நூலகத்தில். ராணுவ ஆர்டினன்ஸ் துறையின் காகிதங்கள் தேசிய ஆவணக் காப்பகத்தில் 156ஆம் எண் தொகுப்பு. ஸ்கோவில் ஆலையைப் பார்க்க வேண்டும் என்று வாட்டர்பரிக்கு வராதே. அந்த இடத்தில் 1997இலிருந்து ஷாப்பிங் மால் நடக்கிறது. ஆலை போனபிறகு காகிதம்தான் சாட்சி.

காகிதத்துக்கு அடுத்த சாட்சி இரும்பு. முப்பது வருஷம் பிரஸ் டூல் செய்தவன் என்பதால் இதைக் கொஞ்சம் உரிமையோடு சொல்வேன். உன் மூன்றாம் அத்தியாயத்தில் பழைய ரவைக்கூடுகளை ‘இருநிறம் கொண்டவை’ என்று சொல்லி ஒரே வரியில் கடந்துவிட்டாய். ஏன் இருநிறம் என்று எழுதவில்லையே? தோட்டாவைக் கவ்விப் பிடிக்கும் மேல் உதடுகள் தேயக்கூடாது, விரியக்கூடாது. விரிந்தால் தோட்டா சிக்கும். அதனால் மேல்பாதியை மட்டும் சூட்டுக் குளியலில் முக்கிக் கடினமாக்கினார்கள். அந்தச் சூட்டில் இரும்பில் ஏற்றியிருந்த நீலம் போய்ச் சாம்பல் நிறம் வந்தது. முக்காத கீழ்ப்பாதி நீலமாகவே நின்றது. அலங்காரத்துக்காக யாரும் செய்ததில்லை.

காரணம் தெரிந்தவன் கண்ணுக்குத்தான் போலி தெரியும். நேற்று இரவு சமையலறை மேஜையில் என்னுடைய ஒன்றை விளக்கடியில் வைத்து லூப் என்னும் உருப்பெருக்கியில் பார்த்தேன். நீலமும் சாம்பலும் சேரும் இடத்தில் கோடே இல்லை. நீலம் வைக்கோல் நிறமாகிப் பழுப்பாகிச் சாம்பலில் கரைகிறது. ஒரு பக்கம் சற்று ஏறியும் மறுபக்கம் இறங்கியும் இருக்கிறது, ஏதோ ஒரு தொழிலாளியின் கை அன்று சாய்ந்திருந்ததுபோல. டேப் ஒட்டி ஆசிடில் நீலத்தை அழித்தவற்றில் அந்த இடம் அளவுகோல் வைத்துக் கிழித்த மாதிரி நிற்கும். அப்படிப்பட்டதைக் கண்டால் சந்தேகப்படு. இந்த ஒரு அங்குலத்துக்கு முழுப் பக்கப் படம் கொடு.

இதையெல்லாம் எழுதினால் போலி செய்கிறவன் படித்துத் திருத்திக்கொள்வானே என்று கேட்டாய். நானும் பல நாள் தூக்கம் கெட்டு யோசித்த கேள்வி. ஒன்றிரண்டு அடையாளங்களை மறைத்து வைப்பதே நல்லது என்று சொல்லும் பெரியவர்கள் இருக்கிறார்கள். நான் அவர்கள் பக்கம் இல்லை. போலிக்காரனிடம் அசல் இருக்கிறது, பட்டறை இருக்கிறது, நேரமும் இருக்கிறது. உன் புத்தகம் இல்லாமலே அவன் கற்றுக்கொள்வான். சனிக்கிழமை கண்காட்சிக்கு மகனைக் கூட்டிக்கொண்டு வந்து, சேர்த்த பணத்தில் முதல் ரவைக்கூட்டை வாங்குகிறவனிடம் உன் புத்தகம் மட்டும்தான் இருக்கும். அவனிடம் எதை மறைப்பது? எல்லாவற்றையும் அச்சிடு.

படங்களைப் பற்றி. நீ ஃபிளாஷ் போட்டு எடுத்தவை அத்தனையும் வேண்டாம். பதித்த எழுத்தை விளக்கைப் பக்கவாட்டில் தாழ வைத்து எடு, பள்ளத்தில் நிழல் விழும். ஒரே விளக்கு, ஒரே தூரம், பக்கத்தில் அளவுகோல், ஆறு பக்கமும். நீலமேறிய இரும்பைப் படம் எடுப்பதைவிட அச்சிடுவது கஷ்டம். திரையில் ஜொலிக்கும் கருநீலம் தாளில் மைக்கட்டியாக உறைந்துவிடும். கேட்கக் கேட்க ஒவ்வொன்றாக அச்சிடும் முறையில் ஒரு பிரதி எடுத்துப் பார், பிறகு ஆஃப்செட்டில் அதே தாளில் புரூஃப் கேள். உனக்கே வித்தியாசம் தெரியும். பளபளப்பு ஆர்ட் தாள் வேண்டாம், கண்காட்சி விளக்கில் கண் கூசும். மேட் தாள் போடு. பைண்டிங் நூலால் தைத்ததாக இருக்கட்டும். ஒரு கையில் ரவைக்கூட்டைப் பிடித்திருப்பவனுக்கு மறுகையில் லூப் இருக்கும், புத்தகம் தானாக விரிந்து கிடக்க வேண்டும். அதே காரணத்துக்காக, பொருளடக்கம் கம்பெனி வரிசையில் இருந்தாலும் முன்னட்டையின் உள்பக்கத்தில் எழுத்து வரிசை அட்டவணை ஒன்று வை. அவன் கையில் இருப்பது ஓர் எழுத்துதானே தவிர கம்பெனிப் பெயர் இல்லை.

விலை போடாதே. அச்சு காய்வதற்குள் பழசாகிவிடும். தங்களுக்கு வேண்டிய விலையைப் போடச் சொல்லி உன்னையே விலைக்கு வாங்கவும் ஆட்கள் வருவார்கள்.

அலுவல் விஷயங்கள் சுலபம். ஐஎஸ்பிஎன் எண்ணை உன் பதிப்பகப் பெயரிலேயே வாங்கு. அச்சகம் இலவசமாகத் தருவதை ஏற்றால் பதிப்பாளர் இடத்தில் அவர்கள் பெயர் ஏறும். பத்தாக வாங்கினால் ஒன்றின் விலை வெகுவாகக் குறையும், இரண்டாம் பதிப்புக்கும் ஆகும். அமெரிக்கக் காங்கிரஸ் நூலக எண்ணுக்கு அச்சுக்குப் போகும் முன்பே விண்ணப்பித்துவிடு. தபாலில் அனுப்பப் புத்தகங்களுக்கென்றே மீடியா மெயில் என்ற மலிவுக் கட்டணம் இருக்கிறது. முதலில் 300 பிரதி போதும். என்னுடைய 300 தீர ஒன்பது வருஷம் ஆயிற்று. அத்தனை நாளும் மனைவி தையல் மெஷினை ஹாலில் வைத்துத் தைத்தாள்.

சட்டத்தைப் பற்றி அரைப் பக்கம் எழுது. 1911இன் கூடு ஏழு தோட்டாதான், தொல்லை இல்லை. ஆனால் நீ ஒப்பீட்டுக்குச் சேர்த்திருக்கும் ஜெர்மன் லூகரின் நத்தைக்கூடு 32 கொள்ளும். கனெக்டிகட் 2013இலிருந்து பத்துக்கு மேல் கொள்வதைத் தடுத்திருக்கிறது, வேறு சில மாநிலங்களிலும் அதே வரம்பு. வாசகர் தன் மாநிலச் சட்டத்தைப் பார்க்கட்டும் என்று தெளிவாகச் சொல். ஊருக்குப் போகும்போது நினைவுப் பொருளாக ஒன்றைப் பெட்டியில் போடும் எண்ணமே வேண்டாம். இந்தியாவின் 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம் துப்பாக்கியின் பாகத்தையும் துப்பாக்கியாகவே எண்ணுகிறது.

ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. உன் 88ஆம் பக்கத்தில், கீழே வளையம் வைத்த ஆரம்பகாலக் கூடு ஒன்றின் படம். குதிரைமேல் போகும் வீரன் கை தவறி விட்டால் தொலையக்கூடாது என்று கயிறு கட்ட வைத்த வளையம் அது. அதை நன்றாக விளக்கியிருக்கிறாய். ஆனால் அடித்தகட்டில் யாரோ ஆணியால் கீறிய இரண்டு எழுத்துகளைக் கணினியில் அழித்துவிட்டு, ‘சுத்தமான மாதிரி’ என்று எழுதியிருக்கிறாய். பிரதியோடு நீ வைத்திருந்த உறையில் அசல் படமும் இருந்ததால் கண்டுபிடித்தேன். விற்கிறவர்கள் பலர் இதையே சாணைத்தாளால் செய்கிறார்கள், விலை கூடும் என்று. எத்தனை பெயர்கள் அப்படிப் பொடியாகப் போயின என்று நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. இது மனிதனைச் சுடுவதற்காகச் செய்த பொருள், தம்பி. சுட்டவனும் சுடப்பட்டவனும் போய்விட்டார்கள். அந்த இரண்டு எழுத்துகள் மட்டும் பாக்கி. பழைய படத்தையே போடு. எழுத்துகளைப் பெரிதாக்கித் தனியாகவும் போடு. அவர் வீட்டார் யாராவது ஒருநாள் புரட்டக்கூடும்.

சிவப்புப் பேனாப் பிரதியைத் தபாலில் அனுப்பவில்லை, உன்னிடம் நேரில்தான் தருவேன். ஞாயிற்றுக்கிழமை வா. வெர்னியரையும் உன்னிடமுள்ள சி-எஸ் கூடுகள் இரண்டையும் எடுத்து வா, இரண்டின் அடித்தகட்டு மடிப்பும் ஒரே டையில் அடித்தவையா என்பதில் எனக்கு ஒரு சந்தேகம். மாமி இட்லிக்கு ஊறப் போடுவதாகச் சொல்லியிருக்கிறாள்.

அன்புடன்,
மாமா
வாட்டர்பரி