ஒரு மடை, பல வயல்

அருப்புக்கோட்டை, திருச்சுழி மானாவாரிப் புஞ்சைகளில் விதைப்போருக்கு மழைச் செய்தி வேளையோடு கிட்டுதல் வேண்டும். அன்று பஞ்சாயத்து வானொலி ஒன்றைச் சூழ்ந்து ஊரே கேட்டது. இன்று நூறு பேர் ஒரே காட்சியை ஒரே நேரத்திற் செல்பேசியிற் கண்டால், கோபுரம் அதனை நூறு முறை அனுப்புகிறது. அலைவரிசை நெருக்குண்டு காட்சி தடைப்படுகிறது. கண்மாய் நீரைக் குடங்குடமாகச் சுமப்பதை இது ஒக்கும்.

மடை திறந்தால் ஆயக்கட்டு முழுதும் பாயுமன்றோ? ஒரே அலையை அனைவரும் பெறும் பொது ஒளிபரப்பும் அத்தகையதே. நான்காம் தலைமுறைச் செல்பேசி விதிகளிலேயே இதற்கு இடமுண்டு. இணையமின்றிச் செல்பேசிக்கு நேரே ஒளிபரப்பும் முறையும் 2023-இல் பெங்களூரிலும் தில்லியிலும் சோதிக்கப்பெற்றது.

ஆயினும், அதனை ஏற்கும் சில்லு கருவியில் இருத்தல் வேண்டும். கடைமடை ஊருக்கும் எட்டுமாறு வேகத்தைக் குறைத்தே அனுப்புதல் வேண்டும். காண்போர் ஓரிருவராயின் தனி வழியே சிக்கனம்.

அம்முறை நம் சிற்றூர்களை எட்டும்வரை, ஒருவர் பெற்ற மழைச் செய்தியைச் சாவடியிற் பத்துப் பேருக்குக் காட்டுவோமாக.