அயல்நாட்டு வணிகமும் அணுவிரதமும்

வணிகம் செய்வார்க்குப் பொருளைப் பற்றிய அறிவு ஒன்றே போதும் என்று எண்ணுவோர் உளர். பொருளை வாங்குவோரின் வாழ்க்கை முறை யாது, எதனை அவர் மரியாதை என்றும் எதனைக் குற்றம் என்றும் கருதுவர் என்பவற்றை அறிந்தாலன்றி, நாடு கடந்த வணிகம் நிலைபெறாது. இன்று நம் குடும்பத்துப் பிள்ளைகள் பலர் பன்னாட்டு நிறுவனங்களில் பணிபுரிகின்றனர். ஆதலின், பண்பாடு வணிகத்தை எவ்வாறு உருவாக்குகிறது, அதில் நம் அறம் நிற்க வேண்டிய இடம் எது என்னும் இரண்டையும் இங்குக் காண்போம்.

1. ஒரே இலை, பல சுவை

நாம் வாழும் ஸ்ரீமதுரை, நீலகிரி மாவட்டத்தில் கூடலூரை அடுத்த சிற்றூர். இப்பகுதியின் சிறு விவசாயிகள் பறிக்கும் தேயிலையே நமக்குக் கண்முன் உள்ள பாடம் ஆகும்.

பறித்த இலையை இருவகையாகப் பதப்படுத்துவர். நசுக்கி, கிழித்து, சுருட்டும் சி.டி.சி. முறை 1930களில் அசாமில் தோன்றியது. பால் கலந்து கடுஞ்சாறாகப் பருகும் நம்போன்றோர்க்கு அது ஏற்றது. இலையை உருட்டி உலர்த்தும் 'ஆர்த்தடாக்ஸ்' முறை, பாலின்றி மணம் நுகர்ந்து பருகுவோர்க்கு உகந்தது. ரஷ்யர் எலுமிச்சைத் துண்டிட்டுப் பருகுவர். ஜப்பானியர் பச்சைத் தேநீரை விரும்புவர். மொராக்கோ நாட்டினர் அதனுடன் புதினாவும் சர்க்கரையும் சேர்ப்பர்.

இவற்றுள் எது உண்மையான தேநீர் என்று வழக்காடுவது பேதைமை. அவரவர் நிலையில் நின்று நோக்கின் அவரவர் சுவை சரியே. ஒரு பொருளைப் பல கோணங்களில் நோக்குக என்னும் நம் அநேகாந்தக் கொள்கை, வணிகர்க்கும் வழிகாட்டும் ஒளியன்றோ!

2. ஒருவரையே நம்பிய காலம்

1980களில் இந்தியத் தேயிலையை மிகுதியாக வாங்கிய நாடு சோவியத் ஒன்றியம். ரூபாயிலேயே விலை பெறும் ஒப்பந்தத்தின்படி அவ்வணிகம் நடந்தது. பெருமளவில் கேட்ட அந்நாடு, தரத்தை மிகுதியாக ஆராயவில்லை. எனவே இரண்டு இலையும் ஒரு மொட்டும் பறிக்கும் நல்வழக்கம் தளர்ந்தது; முற்றிய இலையும் காம்பும் மூட்டையில் சேர்ந்தன. 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்தது. ஏனைய நாட்டு வணிகர்கள் தரம் கேட்டனர். நம்மிடமோ எடை மட்டுமே இருந்தது. 1990களின் இறுதியில் பச்சை இலையின் விலை சரிந்து, நீலகிரியின் சிறு விவசாயக் குடும்பங்கள் பெருந்துன்பம் உற்றன. வேறு காரணங்களும் அதற்கு உண்டு. எனினும், கேளாதவர்க்குத் தரம் குறைத்துக் கொடுத்துப் பழகிய கை, கேட்பவர் வந்தபோது தடுமாறியது என்பதை மறுக்க இயலாது.

3. சொல்லே பத்திரம்

இதற்கு மறுதலையான ஒரு சான்றும் உண்டு. குஜராத்தின் பாலன்பூரைச் சேர்ந்த ஜைனக் குடும்பத்தினர், 1960களிலிருந்து பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் நகருக்குச் சென்று வைர வணிகத்தில் ஈடுபட்டனர். அங்கு அவ்வணிகம் நெடுங்காலமாக யூதர் கையில் இருந்தது. பேரம் முடிந்ததும் கைகொடுத்து, 'மசால்' என்று தொடங்கும் வாழ்த்துச் சொல்லைக் கூறுவது யூதர் வழக்கம். அச்சொல் பிறந்தபின் பேரத்தை மாற்றுவார் இல்லை. நம் ஜைன வணிகரும் அச்சொல்லையே கூறிப் பேரம் முடித்தனர். மொழி அவர்களுடையது, சொன்ன சொல் தவறாமை இருவர்க்கும் பொது. வழக்கத்தை ஏற்றனர், வாய்மையை விடவில்லை. அதனாலேயே அயலார் நடுவே நம்பிக்கைக்கு உரியோர் ஆயினர்.

4. மாறாத அளவுகோல்

வழக்கம் இடந்தோறும் மாறலாம். மாறக்கூடாதது எது? உமாசுவாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் விடை தருகிறார். கள்ளாமை என்னும் அணுவிரதத்தைப் பழுதாக்கும் அதிசாரங்கள் ஐந்து: களவுக்குத் தூண்டுதல், களவுப் பொருளை வாங்குதல், அரச நெறியை மீறி வணிகம் செய்தல், அளவையிலும் நிறையிலும் கூட்டிக் குறைத்தல், போலிப் பொருளைக் கலந்து விற்றல்.

நான்காவதை இலை எடைபோடும் இடத்தில் காணலாம். மழைநாளில் நீருக்கென எடை கழிப்பது முறை. இல்லாத நீருக்கும் கழிப்பது குற்றம். இலையை வேண்டுமென்றே நனைத்துக் கொணர்வதும் அதே குற்றந்தான். தராசின் இருபுறமும் அதிசாரம் உண்டு என்பதை மறவற்க.

ஐந்தாவதற்கும் தேயிலையே சான்று. குன்னூரில் 1963 முதல் தேயிலை ஏலம் நடைபெற்று வருகிறது. முன்கூட்டியே அனுப்பப்படும் மாதிரியைச் சுவைத்தே வணிகர் விலை கூறுவர். மாதிரி ஒன்றாகவும் மூட்டை வேறாகவும் இருப்பின் அதுவே போலி வணிகம். தூளில் சாயம் கலப்பதும் அவ்வாறே. ஈரமான வடிதாளின்மேல் தூளைச் சிறிது பரப்பி, சற்று நேரம் கழித்து அகற்றி, தாளை நீரில் அலசி வெளிச்சத்தில் நோக்குக. சாயத்தூள் கரும்பழுப்புக் கறை விடும். தூய தூளின் கறை மிக இலேசாகவே இருக்கும். இச்சோதனையை இல்லத்துச் சிறுவரைக் கொண்டே செய்விக்கலாம்.

5. அலுவலகத்தில் நம் பிள்ளைகள்

நிருவாகத்திலும் பண்பாட்டு வேற்றுமை உண்டு. ஜப்பானிய நிறுவனங்களில் கூட்டம் கூடுமுன்பே ஒவ்வொருவரையும் தனித்தனியே கலந்து ஒப்புதல் பெறுவர். அதற்கு 'நெமாவாஷி' என்று பெயர். மரத்தைப் பெயர்த்து நடுமுன் வேரைச் சுற்றிப் பக்குவப்படுத்துதல் என்பதே அதன் மூலப்பொருள். இதை அறியாத இளைஞர், கூட்டத்தில் திடீரெனப் புதிய கருத்தைக் கூறிவிட்டு, எவரும் மறுமொழி கூறவில்லையே என வருந்துவர். அயலாரின் முறையைக் கற்றுக்கொள்வதில் இழிவு ஏதும் இல்லை.

ஆனால் நிறுவனத்தின் இரவு விருந்தில் என் செய்வது? இரவில் உண்ணாமையும் புலால் மறுத்தலும் நம் விரதங்கள் என்பதை முன்னரே பணிவுடன் தெரிவித்துவிடுக. விருந்தில் அமர்ந்து உரையாடுக. உண்ணாமல் இருப்பது அவமதிப்பு அன்று என்பதை இன்சொல்லால் உணர்த்துக. கொள்கையை மறைப்பவரைவிட மென்மையாக எடுத்துரைப்பவரையே மேலோர் நம்புவர். கணக்கைத் திருத்தச் சொன்னாலும், குறையை மறைத்து விற்கச் சொன்னாலும், அது எந்நாட்டு வழக்கமாயினும், 'இயலாது' என்று கூறும் துணிவு வேண்டும். அத்துணிவைப் பிள்ளைகள் அலுவலகத்தில் கற்பதில்லை; பெற்றோரின் நடத்தையில் கற்கின்றனர்.

பிறர் நிலையை உணர அநேகாந்தம், தம் கையைக் காக்க அணுவிரதம்: இவ்விரண்டும் வணிகர்க்கு இரு சிறகுகள். ஒன்று குறையினும் பறத்தல் அரிது.

சிந்தனைக்கு

அ) நம் தொழிலில் வழக்கம் எது, அறம் எது? பிரித்து எழுதுக.
ஆ) எவரும் சோதிக்க மாட்டார் என்னும் இடத்தில் நாம் தரம் குறைத்ததுண்டா?
இ) ஐந்து அதிசாரங்களையும் பிள்ளைகளுக்கு அவரவர் பணியிலிருந்தே சான்று காட்டி விளக்குக.

அறம் வளர்க!