பரணில் கிடக்கும் இத்தாலித் தொப்பி: தூசி தட்டும் முன் சில குறிப்புகள்

கள்ளக்குறிச்சியில் எங்கள் பழைய ஓட்டு வீட்டைப் பிரித்தபோது பரணிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டி இறங்கியது. அடியில், பட்டாளத்துக் கம்பளிக்குக் கீழே, புறாச் சாம்பல் நிறத்தில் ஒரு ஃபெல்ட் தொப்பி. தாத்தா மெட்ராஸ் சாப்பர்ஸ் படையில் இருந்தவர். 1944-ல் இத்தாலிக்குப் போனார், 1946-ல் ஊர் திரும்பினார். அவர் தலையில் துண்டைத் தவிர வேறெதையும் நாங்கள் பார்த்ததில்லை. தொப்பியின் உள்பட்டையில் மங்கிய பொன்னெழுத்தில் 'பொர்சலினோ' என்றிருந்தது. அன்று பிடித்த ஆர்வம், இன்று என் அலமாரியில் ஆறு தொப்பிகள். பழைய வீடுகள் மளமளவென்று இடிபடுகிற காலம் இது. பெட்டியோடு பழைய இரும்புக் கடைக்குப் போகும் முன் ஒரு தொப்பியாவது பிழைக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. கிடைத்ததும் துடைக்காதீர்கள். முதலில் வெளிச்சத்தில் வைத்து நான்கு பக்கமும், உள்ளேயும், கைபேசியில் படம் எடுங்கள். தொப்பியின் அடையாளம் எல்லாம் உள்ளேதான் இருக்கிறது. ஈரத்துணி பட்டால் முதலில் போவது பொன்னெழுத்துதான்.

2. தட்டி உதறுவதும் வேண்டாம். பழங்காலத்தில் முயல் மயிரை ஃபெல்ட்டாக இறுக்க பாதரச உப்பைப் பயன்படுத்தினார்கள். அந்தத் தொழிலாளிகளுக்குக் கை நடுக்கமும் சித்தக் கலக்கமும் வந்தன. அமெரிக்காவில் 1941-ல்தான் இந்த முறையை நிறுத்தினார்கள். அதனால் 80 வருடத்துக்கு முந்தைய தொப்பி என்றால் முகக்கவசம் போட்டு, திறந்த திண்ணையில் வைத்துப் பாருங்கள். பிறகு கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். குழந்தைகள் தலையில் மாட்டி விளையாட விடாதீர்கள்.

3. வெள்ளைக்காரத் தொப்பி எல்லாம் ஃபெல்ட் அல்ல. தட்டினால் 'டொக்'கென்று ஓசை வந்து, தூக்கினால் கனமே இல்லாமல் இருந்தால் அது சோலா தொப்பி. குளத்து நெட்டியில் செய்தது. தஞ்சாவூரில் கோயில் பொம்மை செய்கிறார்களே, அதே நெட்டி. ஃபெல்ட் தொப்பியில் ஓசை வராது, தையலும் இருக்காது. நெய்த துணியும் அல்ல. மயிரை வெந்நீரிலும் அழுத்தத்திலும் ஒன்றோடொன்று பின்னவிட்டு இறுக்கியது.

4. நல்ல ஃபெல்ட் முயல், காட்டு முயல், சில சமயம் பீவர் மயிரில் செய்தது. விளிம்பை இரு விரலால் மெல்ல வளைத்து விட்டால் தானாகப் பழைய நிலைக்கு வரும். தொட்டால் கன்றுக்குட்டிக் காதுபோல வழவழப்பாக இருக்கும். ஆட்டுக் கம்பளியில் செய்தது சொரசொரவென்று, சற்றுத் தடிமனாக இருக்கும். சந்தேகம் தீரவில்லை என்றால் உள்பட்டைக்குப் பின்னாலிருந்து நாலு இழை மட்டும் கிள்ளி, இடுக்கியில் பிடித்து நெருப்பில் காட்டுங்கள். முடி கருகும் நாற்றம் அடித்துப் பொடியானால் மயிர். உருகி உருண்டையானால் செயற்கை இழை.

5. உள்ளே, நெற்றியில் படும் தோல்பட்டைதான் தொப்பியின் பிறப்புச் சான்றிதழ். அதில் பெயரையும் ஊரையும் தேடுங்கள். இத்தாலித் தொப்பிகளில் நமக்கு அதிகம் எதிர்ப்படுவது பொர்சலினோ. ஜுசெப்பே பொர்சலினோ 1857-ல் அலெஸ்ஸாந்திரியா நகரில் தொடங்கியது. பெயருக்குக் கீழேயோ பக்கத்திலேயோ பெரும்பாலும் அந்த ஊர்ப் பெயர் இருக்கும். 'அந்தீகா காசா' என்றிருந்தால் 'பழைய நிறுவனம்' என்று பொருள். குடும்பத்திலேயே இன்னொரு கிளை 'ஃபூ லாட்சரோ' என்று பெயர் சேர்த்துப் போட்டிக்குத் தொப்பி விற்றது. எது மூத்த கடை என்று வாங்குகிறவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. நம்மூர் மிட்டாய்க் கடைப் பலகைகளில் 'ஒரிஜினல்' என்று எழுதுவது மாதிரிதான். வேறு நிறுவனப் பெயர்களும் வரலாம்: பார்பீஸியோ என்றால் பியெல்லா பக்கத்து மலைப்பகுதியில் உள்ள சாலியானோ மிக்கா ஊர். பானிட்சா என்றால் மாஜோரே ஏரிக்கரை கிஃபா. 'கப்பெல்லிஃபீச்சியோ' என்பது பெயர் அல்ல, தொப்பி ஆலை என்ற பொதுச்சொல். நான் முதலில் அதையே கம்பெனிப் பெயர் என்று நோட்டில் எழுதி வைத்திருந்தேன்.

6. பட்டையில் 1857 என்று அச்சிட்டிருந்தால் அது தொப்பி செய்த வருடம் அல்ல, நிறுவனம் தொடங்கிய வருடம். அதேபோல 'பாரிஸ் 1900' என்பது அந்த ஆண்டுக் கண்காட்சியில் வாங்கிய பெரும் பரிசைக் குறிப்பது. இதைக் காட்டி '120 வருடத்துத் தொப்பி சார்' என்று விலை சொல்கிறவர்கள் உண்டு.

7. தோல்பட்டையை மெல்ல வெளியே மடக்கிப் பாருங்கள். பின்பக்கத்தில் சின்னக் காகிதச் சீட்டு ஒட்டியிருக்கலாம். அளவு, நிற எண், ரக எண் எல்லாம் அதில் இருக்கும். காகிதம் உளுத்துப் போயிருந்தால் தொடாமல் படம் மட்டும் எடுங்கள். 56, 57, 58 போன்ற எண் தலைச்சுற்றளவின் சென்டிமீட்டர் கணக்கு.

8. தொப்பியில் தேதி கிடைக்காவிட்டால் கூட வந்த காகிதங்களைக் கேளுங்கள். ரசீதில் அணா, பைசா கணக்கு இருந்தால் 1957 ஏப்ரலுக்கு முந்தியது என்று பெரும்பாலும் கொள்ளலாம். கடை முகவரியில் ஆறு இலக்க பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிந்தியது. இத்தாலி முகவரியில் ஐந்து இலக்க எண் இருந்தால் 1967-க்குப் பிந்தியது. பெட்டி மேல் 'கள்ளக்குறிச்சி, தென்னாற்காடு' என்று பெயின்டில் எழுதியிருந்தால் 1993-க்கு முந்திய கை. அதன் பிறகு நாம் விழுப்புரம் மாவட்டம், 2019 நவம்பரிலிருந்து தனி மாவட்டம். எங்கள் தாத்தாவின் பெட்டி மூடியில் அந்தத் 'தென்னாற்காடு' இன்னும் அழியாமல் இருக்கிறது.

9. இந்தப் பக்கத்துக்கு இத்தாலித் தொப்பி எப்படி வந்திருக்கும் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்கும்போது மூன்று வழிகளை மனதில் வையுங்கள். ஒன்று பட்டாளம். 1943 முதல் 1945 வரை இந்தியப் படையின் 4, 8, 10-ஆம் டிவிஷன்கள் இத்தாலியில் போரிட்டன. பாலம் போடவும் கண்ணிவெடி எடுக்கவும் போனவர்களில் மெட்ராஸ் சாப்பர்கள் இருந்தார்கள். பட்டாளத்தில் அவர்களைத் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார்கள். காஞ்சிபுரம் பக்கத்து கீழ்ஒட்டிவாக்கத்துக்காரரான சுபேதார் சுப்பிரமணியன் 1944-ல் அங்கேதான் கண்ணிவெடி மேல் விழுந்து, கூட இருந்தவர்களைக் காப்பாற்றி உயிர் விட்டார்; ஜார்ஜ் கிராஸ் பதக்கம் அவர் மறைவுக்குப் பிறகு வந்தது. இரண்டாவது வழி, போர்க்கைதிகள். வட ஆப்பிரிக்காவில் பிடிபட்ட இத்தாலிய வீரர்களை ஆயிரக்கணக்கில் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். பெங்களூரிலும் முகாம்கள் இருந்தன. மூன்றாவது புதுச்சேரி. பிரெஞ்சு உடுப்பில் சைகோன் வரை போய், பென்ஷனோடு திரும்பிய தமிழர்கள் தொப்பி வைக்கும் பழக்கத்தையும் கொண்டுவந்தார்கள். அந்தக் குடும்பங்களில் பெண் கொடுத்து எடுத்த வீடுகள் நம் பக்கத்திலும் உண்டு. எந்தப் படை, எந்த ஊர், எந்த வருடம் என்று தெரிந்தால், பட்டையில் பாதி அழிந்த எழுத்தைக்கூட நிரப்பிப் படித்துவிடலாம்.

10. தாத்தா தொப்பியோடு நிற்கும் ஸ்டுடியோ படம் இருக்கிறதே என்று உடனே முடிவு கட்டாதீர்கள். அந்தக் கால ஸ்டுடியோக்களில் கோட்டு, டை, தொப்பி எல்லாம் வாடிக்கையாளருக்காக மாட்டியே வைத்திருப்பார்கள். படத்தைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். ரிப்பனின் அகலம், முடிச்சு இருக்கும் பக்கம், விளிம்பு ஓரத்தில் பட்டை கட்டியிருக்கிறதா இல்லையா. மூன்றும் பொருந்தினால்தான் அதே தொப்பி.

11. அகல விளிம்போடு இரண்டு ஃபெல்ட் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தால் அது வெயிலுக்காகச் செய்த தெராய் தொப்பி. தோட்டத் துரைமார் வைத்தது, இத்தாலி அல்ல. அதற்காகத் தூக்கிப் போட வேண்டாம், அதற்கும் ஒரு கதை இருக்கும்.

12. தூசி எடுக்க மென்மையான பிரஷ் போதும். மயிர் படிந்திருக்கும் திசையிலேயே தடவுங்கள். எதிர்த்துத் தேய்த்தால் பொசுபொசுவென்று எழும்பிவிடும்.

13. நம் வீட்டுத் தொப்பிகளுக்கே உரிய கறை தேங்காய் எண்ணெய்க் கறை. தோல்பட்டையைத் தாண்டி ரிப்பன்வரை ஏறியிருக்கும். வெளிர் நிறத் தொப்பி என்றால் முல்தானி மட்டியைத் தூளாகத் தூவி, ஓர் இரவு விட்டு, காலையில் பிரஷால் எடுங்கள். மூன்று நான்கு தடவை செய்தால் மங்கும். முழுதாகப் போகாது, போகவும் வேண்டாம். கறுப்புத் தொப்பிக்கு இது ஆகாது; வெள்ளை படிந்துவிடும். அரிசி மாவு, கடலை மாவு எதற்கும் வேண்டாம், பூச்சிக்கு விருந்து வைத்ததாகிவிடும்.

14. நசுங்கிய இடத்துக்கு ஆவி கொடுங்கள். அகன்ற பாத்திரத்தில் தண்ணீர் தளதளவென்று கொதிக்கட்டும். ஒரு சாண் உயரத்தில், நசுங்கிய இடம் மட்டும் ஆவியில் படும்படி பத்து இருபது விநாடி பிடியுங்கள். ஃபெல்ட் இளகியது விரலுக்குத் தெரியும். உள்ளிருந்து மெல்லத் தள்ளி, ஆறும்வரை கையை எடுக்காதீர்கள். தோல்பட்டையில் ஆவி படவே கூடாது. சூடு பட்ட பழைய தோல் அப்பளம்போல் சுருங்கும்.

15. சலவைக்குப் போடாதீர்கள். நான் வாங்கிய இரண்டாவது தொப்பியைப் பெரிய ஊர்ச் சலவைக்கடை ஒன்றில் கொடுத்தேன். அளவு இரண்டு சென்டிமீட்டர் குறைந்து, ரிப்பன் ஊதாவாகி, பட்டையில் இருந்த எழுத்து ஒன்றுகூட மிஞ்சாமல் திரும்பி வந்தது. இன்று அது யார் செய்தது என்று சொல்ல வழியில்லாத தொப்பி.

16. தொப்பியைத் தட்டையாகத் தரையில் வைத்தால் விளிம்பு சப்பையாகும். ஆணியில் மாட்டினால் உச்சி கூராகும். மேலைநாடுகளில் இதற்கு மரத் தலைக்கட்டை வைத்திருக்கிறார்கள். அந்த விஷயத்தில் கள்ளக்குறிச்சிக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். 2021-ல் புவிசார் குறியீடு பெற்ற மரச் சிற்ப வேலை நம்மூருடையது. பிள்ளையாரும் வாசக்கால் யாளியும் செதுக்கும் உளிக்கு ஒரு தலைக்கட்டை பெரிய வேலையே இல்லை. ஆனால் சொல்ல வேண்டியதைச் சரியாகச் சொல்ல வேண்டும். மனிதத் தலை வட்டம் அல்ல, முன்னும் பின்னும் நீண்ட முட்டை வடிவம். அதனால் சுற்றளவு மட்டும் கொடுத்தால் பத்தாது. தொப்பியின் உள்வாயை அட்டையில் வரைந்து வெட்டிக் கொடுங்கள். அந்த அளவைவிட நாலைந்து மில்லிமீட்டர் சிறிதாகவே கட்டை இருக்கட்டும், இறுக்கமாக இருந்தால் தோல்பட்டையின் தையல் விடும். பூவரசு நல்லது, மாவும் போதும். ஆனால் நன்றாகக் காய்ந்த மரமாக இருக்க வேண்டும். பச்சை மரத்தின் கசிவு ஃபெல்ட்டில் கறையாக ஏறும். வார்னிஷ், பாலிஷ் எதுவும் வேண்டாம், உப்புத்தாள் போட்டு இழைத்தாலே போதும். மேலே துவைத்த பழைய வேட்டித் துணியை ஒரு சுற்றுச் சுற்றித் தொப்பியை வையுங்கள். என் கட்டையைச் செய்து கொடுத்த ஆசாரி தொப்பியைக் கையில் வாங்கி, உள்ளே விரலை ஓட்டிப் பார்த்து, "நெத்தி அகலம், பின்மண்டை தட்டை" என்றார். தாத்தாவை அவர் பார்த்ததே இல்லை.

17. கல்வராயன் மலையில் வீடு உள்ளவர்களுக்கு எதிரி பூஞ்சணம். வெள்ளிமலையில் ஆசிரியையாக இருக்கும் என் தங்கை பள்ளி நாடகத்துக்காக ஒரு தொப்பியை ஐப்பசியில் வாங்கிப் போனாள். பாலித்தீன் பையில் கட்டி வைத்திருக்கிறாள். கார்த்திகையில் திறந்தால் உச்சி முழுக்க வெள்ளைப் பூ. பனியும் சாரலும் உள்ள மாதங்களில் பிளாஸ்டிக் ஆகவே ஆகாது. காகித அட்டைப் பெட்டி, அல்லது பருத்தித் துணி உறை. பூஞ்சணம் வந்துவிட்டால் வெளியில், நிழலில், காற்றில் நன்றாகக் காயவிட்டுப் பிறகு பிரஷ் பண்ணுங்கள். ஈரமாக இருக்கும்போது துடைத்தால் இன்னும் உள்ளே இறங்கும்.

18. கீழே, ஊருக்குள் வேறு தொல்லை. சித்திரை வெயிலில் தகர ஷீட் பரண் அடுப்பாகக் கொதிக்கும். தோல்பட்டை வெடித்து உதிரும். பீரோவின் கீழ்த்தட்டுதான் நல்ல இடம். வெடித்த தோலுக்கு விளக்கெண்ணெய் தடவலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம், எண்ணெய் ஃபெல்ட்டுக்கு ஊறிவிடும். அப்படியே விட்டுவிடுங்கள்.

19. மயிரால் ஆன எதையும் அந்துப்பூச்சியின் புழு தின்னும். பட்டுப்புடவைக்குப் போடும் வசம்பை இதற்கும் துணியில் முடிந்து போடலாம். மணம் போனதும் மாற்றுங்கள். பாச்சை உருண்டை போடுவதானால் தொப்பியில் படாமல் தனிப் பொட்டலமாக, குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள். ஓட்டை விழுந்து, புழு இருப்பது தெரிந்தால், இரண்டு பாலித்தீன் பைக்குள் காற்று புகாமல் கட்டி ஃப்ரீஸரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் ஒரு நாள் விடுங்கள், இல்லாவிட்டால் ஈரம் கோத்துக்கொள்ளும்.

20. தூக்கும்போது உச்சி மடிப்பைக் கிள்ளித் தூக்காதீர்கள். பழைய தொப்பிகளில் முதலில் கிழிவது அந்த மூலைதான். விளிம்பை இரு கையால் பிடியுங்கள்.

21. விலைக்கு வாங்கக் கிளம்பினால் புதுச்சேரி ஞாயிறு சந்தையும், காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளும் பார்க்க வேண்டிய இடங்கள். பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம். பட்டையைத் தைத்த ஊசித் துளைகளைப் பாருங்கள். பழைய துளைகள் காலியாக இருந்து நூல் வேறு துளையில் போயிருந்தால், பட்டை வேறொரு தொப்பியிலிருந்து வந்தது. நெற்றித் தோல் கறுத்துத் தேய்ந்திருக்க, எழுத்து மட்டும் பளபளவென்றிருந்தாலும் கையை எடுத்துவிடுங்கள். பெயர் அழிந்த, ஆனால் ஃபெல்ட் உயிரோடு இருக்கும் தொப்பி, பெயர் மட்டும் பளிச்சென்ற செத்த தொப்பியைவிட எவ்வளவோ மேல்.

22. ஒவ்வொரு தொப்பிக்கும் ஒரு சீட்டு எழுதுங்கள். யாருடையது, எந்த ஊரில் கிடைத்தது, எந்தப் பெட்டியில், கூட என்ன இருந்தது, யார் சொன்னார்கள் என்று எல்லாம் வரட்டும். குண்டூசி குத்தாமல், பெட்டி மூடியின் உள்பக்கம் ஒரு உறையில் போட்டு வையுங்கள். பேனா மை மலையின் ஈரத்தில் பரவும், பென்சிலில் எழுதுங்கள்.