இரவில் கடந்து செல்லும் கப்பல்கள்

இம்முறை நாம் பார்க்கவிருக்கும் ஆங்கில மரபுத்தொடர் "ஷிப்ஸ் பாஸிங் இன் த நைட்" என்பதாகும். இரவில் ஒன்றையொன்று கடந்து செல்லும் கப்பல்கள் என்பது இதன் நேர்ப்பொருள். தற்செயலாக ஒருமுறை சந்தித்து, சிறிது பேசி, பின்னர் ஒருவரையொருவர் காணாமலே போய்விடுகிறவர்களை இது குறிக்கும்.

அமெரிக்கக் கவிஞர் லாங்ஃபெலோ (1807–1882) கையாண்ட உவமை இது. 1893இல் பியட்ரிஸ் ஹராடன் என்னும் ஆங்கில எழுத்தாளர் இதையே தமது நாவலுக்குப் பெயராக வைத்தார். நாவல் ஏராளமாக விற்பனையாகியது, தொடரும் பரவியது. கப்பல்களில் வானொலித் தொடர்பு இல்லாத காலம் அது. இருளில் எதிர்ப்படும் கப்பலின் உருவம் தெரியாது. இடப்பக்கச் சிவப்பு விளக்கோ வலப்பக்கப் பச்சை விளக்கோதான் தெரியும். குரல் கொடுப்பார்கள், பதில் வரும், அவ்வளவுதான்.

நமக்கு இக்கருத்துப் புதியதன்று. வால்மீகி இராமாயணத்தில் பரதனைத் தேற்றும் இராமர், பெருங்கடலில் இரு மரக்கட்டைகள் கூடிப் பிரிவதை உறவுகளுக்கு உவமையாகக் கூறுகிறார். ஆயினும் கட்டை அலை கொண்டுபோன பக்கம் போகும். கப்பலுக்கு மாலுமி உண்டு, போகுமிடமும் உண்டு. அதனால் ஆங்கிலத் தொடரில் விதியைவிட, "இன்னும் கொஞ்சம் பேசியிருக்கலாமே" என்ற ஏக்கமே மிகுதி என்பது என் எண்ணம்.

விமானத்தில் பக்கத்து இருக்கையில் இருந்து மனம்விட்டுப் பேசியவருக்கு இது பொருந்தும். வெள்ளிதோறும் கோயிலில் காண்பவருக்குப் பொருந்தாது. பழைய நண்பரைக் கடையில் எதிர்பாராமல் கண்டால், "ஐ பம்ப்ட் இன்டு ஹிம்" என்றே சொல்லவேண்டும். (யாரும் யாரையும் இடித்து விழுத்தவில்லை!)

இன்னொரு வழக்கும் உண்டு. நம்மவர் அறியவேண்டியது இதுவே. கணவர் இரவு வேலை முடிந்து வரும்போது மனைவி காலை வேலைக்குப் புறப்படுகிறார். கறி எந்தச் சட்டியில் இருக்கிறது என்பதைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிய துண்டுக் காகிதம் சொல்கிறது. ஒரே வீட்டில் இப்படி வாழ்பவர்களையும் இத்தொடரால் குறிப்பார்கள். உடன் வேலை செய்பவர் சிரித்தபடி தம் வீட்டைப்பற்றி இப்படிச் சொன்னால், கப்பற் பயணம் போகிறாராக்கும் என்று நாமும் சிரித்துவிடக் கூடாது. "தட் மஸ்ட் பி ஹார்ட்" என்றால் போதும். நம் பிள்ளை பள்ளிக் கட்டுரையில் அம்மா அப்பாவைப்பற்றி இத்தொடரை எழுதியிருந்தாலும் பொருள் அதுதான்.